தண்டவாளக் குதிரை தேசம்மா அவர்களின் பணி நிறைவுக்கு

குளம்படியையே குரலாகக் கொண்ட கோமகளே! கொள்ளுக்கன்றி வேறெதற்கும் குனியாத கழுத்தழகியே! தண்டவாளத்துக்கு நடுவே தனிநடை நடந்து, தள்ளுவண்டிக்காரர் முதல் தாசில்தார் வரை ஒரே பெஞ்சில் உட்காரவைத்து இழுத்த தயாபரியே! பிடரியைச் சிலுப்பி நின்றால் ஏழுமலையிலிருந்து பெருமாளே ஒருமுறை எட்டிப் பார்ப்பார் என்று பெயரெடுத்த பேரழகே!

பூலோகம் பொழுதுபோக்குப் பூங்காவின் டிராம் பிரிவில் மாடாய் உழைத்து, மன்னிக்கவும், குதிரையாய் உழைத்து இன்று பணி நிறைவு பெறும் டெய்சி என்ற தேசம்மா அவர்களே! ஊழியர்கள் நாங்கள் எல்லோரும் கூடி, தங்கள் முன்பக்கமாக நின்று வாசித்தளிக்கும் மடல் இது. பின்பக்கமாக நின்று பாராட்டிய எலெக்ட்ரீஷியன் எங்கே போய் விழுந்தார் என்பது எங்களுக்கு மறக்கவில்லை. இம்மடலில் மிகை ஏதும் இல்லை. இருந்தால் அது தங்கள் பெருமைக்குப் போதாத அளவில்தான் இருக்கும்.

தாங்கள் வந்த காலத்தை நினைத்துப் பார்க்கிறோம். ஊரில் பாதிப் பேர் குவைத்துக்கும் மீதிப் பேர் சென்னைக்கும் புறப்பட்டுக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் கடைசி அது. எல்லோரும் போகிற திசைக்கு எதிர்த்திசையில், அமெரிக்காவிலிருந்து நம் முதலாளி திரும்பி வந்தார். அவர் பெட்டியில் ஒரு புகைப்படம் இருந்தது. அங்கே ஒரு கேளிக்கைப் பூங்காவில் பழங்காலத் தெரு ஒன்றைப் புத்தம்புதிதாகக் கட்டி, நடுவில் தண்டவாளம் போட்டு, குதிரை இழுக்க டிராம் வண்டி ஓடுகிறதாம். அதே தெரு திருப்பதிக்கும் வரதய்யபாளையத்துக்கும் நடுவில், வேர்க்கடலை விளைந்த மேட்டு நிலத்தில் எழுந்தது. சிமெண்டில் செய்த சீமை வங்கி, அதற்குள் இட்லிக் கடை. சிமெண்டில் செய்த மணிக்கூண்டு, அதற்குள் தண்ணீர் தொட்டி. டிராம் என்று பலகையில் எழுதியிருந்தும் ஊர்க்காரர்கள் பார்த்த மாத்திரத்தில் அதற்கு ரயில் ஜட்கா என்று பெயர் வைத்தார்கள்.

அதை இழுக்க, கடப்பையில் கல் ஏற்றிய வண்டி இழுத்துப் பழகிய தங்களைக் கூட்டி வந்தார்கள். முதல் நாள் முழுக்கத் தாங்கள் முப்பது பேரை ஏற்றிக்கொண்டு ஓடியபின், மாலையில்தான் தெரிந்தது, காலையிலிருந்து வண்டியின் பிரேக்கை யாருமே எடுத்துவிடவில்லை என்று! பிரேக்கை எடுத்த மறுநாள் தாங்கள் இழுத்த இழுப்பில் மணிக்கூண்டே இரண்டடி நகர்ந்ததாக எங்களில் சிலர் இன்றும் சத்தியம் செய்கிறார்கள்.

கடிவாளம் முனியப்பன் கைக்கு வந்தது. வரதய்யபாளையத்துக்கு அப்பால், பாதித் தமிழும் பாதித் தெலுங்கும் பேசும் ஊர் அவருக்கு. அவர் நைனா, அதாவது அப்பா, அடுத்தவர் நிலத்தில் உழுதவர். முனியப்பனுக்குச் சர்க்கார் கொடுத்த மேட்டுநிலம் கொஞ்சம் சொந்தமாக வாய்த்திருந்தது. மகன் சீனு நீலச் சட்டை போட்டு கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட, அப்பா குதிரைக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

முனியப்பன் வாயில் ஒரே ஒரு சொல்தான் குடியிருந்தது. ஆகட்டும். வேலைக்கு வா என்றாலும் ஆகட்டும், போ என்றாலும் ஆகட்டும். நிலத்தைக் கொடுக்க வந்த அதிகாரியிடமும் ஆகட்டும், அதில் பாதியை வேலிக்குள் இழுத்துக்கொண்ட பக்கத்துக் காட்டுக்காரரிடமும் ஆகட்டும். அவர் மறுத்துப் பேசி ஆடு மாடுகூடக் கேட்டதில்லை.

சர்வ லட்சணமும் பொருந்திய தங்களிடம் ஒரே ஒரு புதிர் இருந்தது. தாங்கள் நின்றுவிடுவீர்கள். சறுக்கி, தயங்கி, மெல்ல நிற்பதல்ல; ஆணி அடித்ததுபோல் அப்படியே நிற்பது. வண்டிக்குள் ஒருவர் நெற்றி அடுத்தவர் முதுகில் மோதும். ஐஸ்கிரீம்கள் கைமாறும். ஒருமுறை ஒருவருடைய பல்செட் இன்னொருவர் பைக்குள் போய், அது மறுநாள் வேலூரிலிருந்து திரும்பி வந்தது.

அதிலும் ஒரு விசித்திரம். வாரநாளில் உள்ளூர்க் கூட்டம் ஏறினால் தாங்கள் கடிகாரம் மாதிரி ஓடுவீர்கள். திருமலை ஏறி இறங்கிய சென்னை பஸ்கள் வந்து நிற்கும் சனி ஞாயிறில் பத்தடிக்கு ஒருமுறை நிற்பீர்கள்.

பெருக்குகிற கமலம்மாதான் முதல் காரணத்தைக் கண்டுபிடித்தார். "மொட்டத் தலைங்கள பாத்து பயப்படுது பாவம். வெயில்ல மின்னிக்கினு இருக்குதுங்க இல்ல?" என்றார். உடனே மொட்டை போட்ட பக்தர்களுக்கெல்லாம் பூங்கா செலவில் தொப்பி வழங்கப்பட்டது. தாங்கள் தொப்பிகளோடும் நின்றீர்கள். தண்டவாளத்தில் கரண்ட் கசிகிறது என்று சோதித்த எலெக்ட்ரீஷியனைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டோம். கால்நடை மருத்துவர் குளம்பைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், கடைசியில் தங்களுக்குக் காது மந்தம் என்று முடிவு கட்டிச் சொட்டு மருந்து கொடுத்தார். மேனேஜர் சாய்குமார் அவர்கள் படித்தவர், எதையும் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்பவர். வழிநெடுகக் கேமரா மாட்டி, தாங்கள் நிற்கும் காட்சியை ஒரு வாரம் திரும்பத் திரும்பப் பார்த்தார். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கேமராவில் சத்தம் மட்டும் பதியாது.

சென்னையிலிருந்து ஒரு தமிழாசிரியர் வந்த நாளை மறக்க முடியுமா? தங்களை மெச்சி அவர், "எவ்வளவு அழகாக, எவ்வளவு கம்பீரமாக, எவ்வளவு நிதானமாக நடக்கிறது!" என்று ஆரம்பித்தார். வண்டி நின்றது. "மெதுவாக, மென்மையாக ஓட்டினால் இனிதாக நகருமே" என்று யோசனை சொன்னார். நகரவில்லை. அவர் இறங்கிப் போகும்வரை தாங்கள் ஓர் அங்குலம் அசைந்தீர்களா?

மற்ற நாட்களில் நடப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்.

"இன்னாப்பா, நடந்து போனா முன்னாடி போய்டலாம் போலக்குது. கொஞ்சம் வேகமாத்தான் வுடேன்!" என்பார் ஒரு பயணி.

"ஆகட்டும் சார்," என்பார் முனியப்பன்.

வண்டி நின்றுவிடும்.

"யோவ், வேகமா போன்னா நிறுத்துற? இன்னா ஆகுது உன் குதிரைக்கு?"

"நேரமாகுதுப்பா! பஸ்ஸுக்காரன் வுட்டுட்டுப் போய்டுவான்!"

"கல்லு மாதிரி நின்னுக்கினு இருக்குதே, இப்ப இன்னா ஆகும்?"

கத்திக் கத்தி அலுத்துப்போய் எல்லோரும் வாயை மூடியபின், முனியப்பன் நாக்கைச் சொடுக்கி, "போ" என்பார். தாங்கள் ஒன்றுமே நடவாததுபோல் புறப்படுவீர்கள்.

ஒரு சித்திரை மாதத்து மழையில் பொறுமை தீர்ந்தது. பத்து பஸ் நிறையக் கூட்டம் கொண்டுவந்த சென்னை ஏஜென்ட் தாமே வண்டியில் இருந்தபோது, கூரை ஒழுகும் இடமாகப் பார்த்துத் தாங்கள் நின்றீர்கள். எல்லோரும் ஒரே குரலில் நேரத்தைப் பற்றிக் கத்தினார்கள். மழை விட்டபின்தான் வண்டி நகர்ந்தது. அந்த ஏஜென்ட் அதோடு இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

சாய்குமார் அவர்கள் முனியப்பனை அறைக்குக் கூப்பிட்டார். "முனியப்பா, நானும் எவ்வளவோ பார்த்துட்டேன். வெள்ளிக்கிழமை லாரி வருது. சித்தூர்ல கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடற ஓபுலேசு எடுத்துக்கறேன்னு சொல்லிட்டார். டிராமை மூடிடலாம்."

"ஆகட்டும் சார்," என்றார் முனியப்பன். அந்தச் சொல் வெளியே வந்தபிறகுதான் அதன் பொருள் அவருக்கு உறைத்தது.

வீட்டில் மச்சான் பழனியின் போன் காத்திருந்தது. குவைத்தில் ஓர் அரபுச் சேட்டின் லாயத்தில் ஆள் கேட்கிறார்களாம், விசா தயாராம். முனியப்பன் மனைவி லட்சுமம்மா ரசத்தைக் கிளறிக்கொண்டே கேட்டார்: "அங்க குதிரைக்கு ஏ.சி. ரூமாம், உனக்குத் தகரக் கொட்டாயாம். போறியா?"

"ஆகட்டும்."

"தூ! எதுக்கெடுத்தாலும் ஆகட்டும்! எங்க நைனா உன்னப் பாக்க வந்து, பொண்ணு புடிச்சிருக்குதான்னு கேட்டப்பவும் அதான் சொன்ன. புடிச்சிதா புடிக்கலியான்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியல. துன்னு, ஆறிப்போவுது."

முனியப்பன் தின்னவில்லை. பாலைவனமோ தகரக் கொட்டகையோ அவரைப் பயமுறுத்தவில்லை. அந்த ஊர்க் குதிரைகளுக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. நாள் முழுக்க யாரிடம் என்ன பேசுவது? தங்களைப் போல் காதை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிக் கேட்கிற இன்னோர் உயிர் அவருக்கு வாய்க்கப் போவதில்லை. அவர் சொன்னதைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்த ஒரே ஜீவன் தாங்கள்தான் என்று அவர் நம்பினார். அது எத்தனை பெரிய உண்மை என்பது அப்போது அவருக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை பின்வாசலில் லாரி வந்து நின்றது. ஓபுலேசு கடப்பைப் பக்கத்துக்காரர், மீசையில் எலுமிச்சம்பழம் நிறுத்தலாம் போன்ற ஆள். பலகை சாய்த்தார்கள். வேலையை விட்டுவிட்டுப் பூங்கா முழுக்க வந்து நின்றது. டிக்கெட் கிழிக்கும் யமுனா துப்பட்டாவைக் கடித்துக்கொண்டிருந்தார்.

சாய்குமார் அவர்கள் முனியப்பன் தோளில் கைவைத்தார். "மனசுல ஒண்ணும் வெச்சுக்காத, முனியப்பா. நீயே கைப்பிடிச்சு ஏத்திடு. உன் பேச்சைத்தான் கேக்கும்."

தங்கள் முன்னங்கால் இரண்டும் பலகையில் ஏறியிருந்தன. முனியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆகட்டும் சார்," என்றார்.

தாங்கள் நின்றீர்கள்.

இழுத்தார்கள், அசையவில்லை. தள்ளினார்கள், அசையவில்லை. "சீக்கிரம் ஏத்துப்பா, வெயிலாகுது!" என்றார் கமலம்மா. "அண்ணா, இனிமே இது இல்லாம இன்னா ஆகும்ணா?" என்று யமுனா அழுதார். "பழகிப்போகும், எல்லாம் சரியாகும்," என்று முனியப்பன் தங்கள் கழுத்தைத் தடவித் தடவிச் சொன்னார். தாங்கள் பலகையோடு பலகையாகிவிட்டீர்கள்.

ஓபுலேசு இடுப்பில் கைவைத்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏமய்யா, நுவ்வே ஆகு ஆகு அண்டாவு, மள்ளீ எக்கு எக்கு அண்டாவு! பாப்பம், அதி ஏமி சேஸ்துந்தி?"

நில்லு நில்லு என்று நீயே சொல்கிறாய், அப்புறம் ஏறு ஏறு என்றும் நீயே சொல்கிறாய், பாவம் அது என்னதான் செய்யும் என்று கேட்டார்.

எங்களுக்கு இரண்டு மொழியும் பிறந்த அன்றே வந்துவிட்டவை. சந்தையில் ஒன்று, சமையலறையில் ஒன்று, சண்டையில் இரண்டும். தெலுங்கில் ஆகு என்றால் நில் என்று தெரியாதவர் எங்களில் ஒருவரும் இல்லை. ஆனால் தமிழ் பேசும்போது தமிழ்க் காதை வைத்துக்கொள்கிறோம், தெலுங்கு பேசும்போது தெலுங்குக் காதை. தங்களுக்கு இருந்ததோ ஒரே ஜோடிக் காது. அதுவும் கடப்பையில் செய்தது. வண்டிக்குள் தெலுங்கே பேசிய உள்ளூர்க்காரர் இறங்க வேண்டி ஆகு என்றபோதெல்லாம் நின்றீர்கள், அவர்கள் இறங்கினார்கள், அதை யாரும் அதிசயமாக எண்ணவில்லை.

முனியப்பன் தங்களைப் பலகையிலிருந்து இறக்கி, நான்கடி நடத்தி, ரகசியம் பேசுவதுபோல், "ஆகட்டும்" என்றார். நின்றீர்கள். "போ" என்றார். நடந்தீர்கள். "ஆகாது." நின்றீர்கள். அதன்பின் எங்களைப் பிடித்துக்கொண்டது பார்க்க வேண்டுமே ஒரு ஆர்வம்! ஆளுக்கொரு சொல்லோடு ஓடி வந்தோம். "ஆகாயம்" என்றார் கமலம்மா, நின்றீர்கள். "ஆகாரம்" என்றார் இட்லிக்காரர். நின்றீர்கள், அவரைத் திரும்பியும் பார்த்தீர்கள். மேனேஜர் சாய்குமார் அவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆகஸ்ட்" என்றார். நின்றீர்கள்! அவர் குழந்தைபோல் கைதட்டினார்.

ஓபுலேசு பலகையைத் தூக்கி லாரிக்குள் போட்டுக்கொண்டார். "நாக்கு ஒத்து சாமி, எனக்கு வேணாம்! சித்தூர்ல பாதிப் பேர் தமிழ்க்காரங்க. முகூர்த்தத்துக்கு நேரமாகுதுன்னு மூலைக்கு மூலை மாமனுங்க கத்துவாங்க. மாப்ள நடுரோட்லயே கிழவனா பூடுவான்!" என்று சொல்லிவிட்டு வெறும் லாரியோடு போனார்.

தங்களுக்கு நில் என்ற தமிழைக் கற்பிக்க முனியப்பன் ஒரு மழைக்காலம் முழுக்க முயன்றார். தாங்கள் கற்கவில்லை. ஆகவே நாங்கள் எங்கள் தமிழை மாற்றிக்கொண்டோம். நேரமாகுது என்பது எங்கள் வாயில் லேட்டு என்று மாறியது. சரியாகும் என்பது செட் ஆயிடும் என்று மாறியது. வண்டி கிளம்புமுன் யமுனா பயணிகளிடம் பேசக் கூடாத சொற்களை அறிவித்தார். அறிவித்த மறுகணம் வண்டி முழுக்க அதே சொற்களைக் கத்திப் பார்த்தது! தங்களை நிறுத்திப் பார்ப்பதற்கென்றே பெங்களூரிலிருந்து கூட்டம் வந்தது. பத்து பஸ் போன இடத்தில் நூறு பஸ் நின்றது. ஆயிரம் என்று எழுதத்தான் ஆசை. சாய்குமார் அவர்கள் திருத்திவிட்டார்.

எல்லோரும் சில சொற்களை இழந்தோம். முனியப்பனோ தம்மிடமிருந்த ஒரே சொல்லை இழந்தார். தங்கள் எதிரில் சொல்லாமல் அடக்கி அடக்கி, அது வீட்டிலும் வராமல் போயிற்று. மகள் சிவசங்கரியை நகரியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் சம்மதமா என்று கேட்டபோது, அவர் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, "ரைட்டு, போலாம்!" என்றாராம். தறிக்காரச் சம்பந்தி பஸ் கிளம்பிவிட்டதோ என்று எழுந்தே விட்டாராம்.

குவைத்திலிருந்து பழனி மறுபடி கூப்பிட்டபோது முனியப்பன் தங்களுக்குப் பக்கத்தில் நின்று கொள்ளு வைத்துக்கொண்டிருந்தார். ஆகட்டும் என்று சொல்ல வழியில்லை. அவர் நைனா காலத்திலிருந்து அந்த வீட்டில் யாரும் பிறத்தியாரிடம் சொல்லியிராத ஒரு சொல் அப்போது அவர் வாயிலிருந்து வந்தது.

"வரமாட்டேன்."

"இன்னா மாமா சொன்ன?"

"வரமாட்டேன்றேன். நீ வேற ஆளப் பாரு."

லட்சுமம்மாவிடம் பழனி இதைச் சொன்னபோது, போனில் வேறு யாரோ பேசியிருக்கிறார்கள் என்று அவர் சாதித்தாராம்.

போன மாதம் பூங்காவுக்கு பாட்டரி வண்டி வந்தது. அதற்குத் தமிழும் புரியாது, தெலுங்கும் புரியாது. தங்களுக்கும் வயதாகிவிட்டது, முழங்கால் மழையை முன்கூட்டியே சொல்கிறது. சாய்குமார் அவர்கள் முனியப்பனை மறுபடி அறைக்குக் கூப்பிட்டார். சென்னைக் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றி நடக்கவிடும் ஒருவர் தங்களைக் கேட்டிருந்தார். "நல்ல ஆளுதான், முனியப்பா. அனுப்பிடலாமா?"

முனியப்பன் துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை.

"குடுக்கமாட்டேன் சார்."

"என்ன?"

"குடுக்கமாட்டேன். எங்கூட வரும். மேட்டு நெலத்துல கொட்டாய் போட்டுட்டேன். பக்கத்துக் காட்டுக்காரன் வேலிய தள்ளிப் போட்டுக்கினு இருந்தான் இல்ல, அதயும் பிரிக்க வெச்சிட்டேன். அதுக்கு மேய எடம் வேணும்ல?"

சாய்குமார் அவர்கள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து கைகொடுத்தார்.

அம்மையே! இம்மடலில் அந்தச் சொல்லை இவ்வளவு தாராளமாகத் தூவியதற்குக் காரணம் உண்டு. தாங்கள் கடைசிவரை நின்று கேட்க வேண்டும் என்ற ஆசைதான். மாலையைத் தின்றுகொண்டே என்றாலும் நின்று கேட்டீர்கள். நன்றி.

இனி அந்தச் சொல் வராது. முனியப்பன் கடிவாளத்தைக் கழற்றி வெறுங்கயிற்றோடு நிற்கிறார். வாசல் திறந்திருக்கிறது. தண்டவாளம் இல்லாத மண்பாதையில் ஊர்வரைக்கும் பொடிநடை. பல்லாண்டு பல்லாண்டு புல் இனிக்கட்டும், முழங்கால் வலி ஓயட்டும், ஈ ஒன்றும் அண்டாதிருக்கட்டும். வழியில் லட்சுமம்மா கேட்டால், பிடித்திருக்கிறது என்று முனியப்பன் இப்போதாவது வாய்விட்டுச் சொல்லட்டும்.

தமிழிலும் தெலுங்கிலும் ஒரே பொருள் தரும் சொல் ஒன்று எங்களிடம் மிச்சம் இருக்கிறது. அதைத் தனியே சொல்லி வழியனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. கூடவே நம் வழக்கப்படி இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறோம். அது புரியாவிட்டாலும் பரவாயில்லை, நட.

போ, தாயே. போய் வா.

கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாய்க் கலந்த
பூலோகம் பொழுதுபோக்குப் பூங்கா ஊழியர்கள்,
அவர்கள் சார்பில், தங்களுக்கு முன்பே ஓய்வு பெற்ற டிக்கெட் கவுண்டர் அண்ணாதுரை